ஹாம்லெட்டின் கடைசிக் காட்சி

பழிவாங்கலைக் கருவாகக் கொண்ட நாடகங்கள் யாவும் முடிவைக் கண்முன் நிறுத்திக்கொண்டே தொடங்குகின்றன. கொலையுண்டவன் யார், கொன்றவன் யார், அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவன் யார் என்பதெல்லாம் முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறபடியால், பின்வரும் அங்கங்கள் அந்தக் கணக்குத் தீரும் நாழிகையை நோக்கி நகர்கின்றனவேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஆகவே, இவ்வகை நாடகத்தைத் திரைப்படமாக்கப் புகுந்த ஓர் இயக்குநர் இடையில் எதை வெட்டினாலும் எதைச் சேர்த்தாலும், கடைசிக் கால்மணி நேரத்தில் அவர் செய்கிற காரியத்தைக் கொண்டே அவர் கதையை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதைத் துணிந்து சொல்லிவிடலாம். இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்க ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டைவிடத் தகுந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. ஊமைப்பட காலந்தொட்டு இன்றுவரை, பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து, ரஷ்யா, ஜப்பான், சீனா, இந்தியா என்று பல தேசத்தாரும் அதனைத் தத்தம் மனப்போக்கிற்கேற்பப் படமாக்கியிருக்கிறார்கள்.

முதலில் மூலத்தின் முடிவை நினைவுபடுத்திக்கொள்வோம். எல்சினோர் கோட்டையில், அரசவையோர் முன்னிலையில், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டும், அவன் கையால் தந்தையை இழந்த லேயர்ட்டீஸும் விளையாட்டு என்ற பெயரில் வாட்போர் செய்கிறார்கள். லேயர்ட்டீஸின் வாள்முனை மழுக்கப்படாதது, விஷம் தோய்ந்தது. அது தவறினால் உதவட்டுமென்று ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்று மன்னனான சிற்றப்பன் கிளாடியஸ் ஒரு மதுக் கிண்ணத்திலும் விஷம் கலந்து வைத்திருக்கிறான். அந்தக் கிண்ணத்தை ஹாம்லெட்டின் தாயான அரசி கெர்ட்ரூட் எடுத்துப் பருகிவிடுகிறாள். விஷ வாள் ஹாம்லெட்டைக் கீறுகிறது. கைகலப்பில் வாட்கள் இடம்மாறி லேயர்ட்டீஸும் தன் விஷத்தாலேயே வீழ்கிறான். சாகுந்தறுவாயில் அவன் உண்மையை வெளியிட, ஹாம்லெட் அதே வாளால் சிற்றப்பனைக் குத்தி, கிண்ணத்தில் எஞ்சியதையும் அவன் வாயில் ஊற்றுகிறான். தந்தையின் ஆவி இட்ட கட்டளை இவ்வாறு நிறைவேறுகிறது. ஆனால் நாடகம் முழுதும் எண்ணியெண்ணித் தயங்கியவன், கடைசியில் தன் திட்டத்தினால் அல்ல, எதிரியின் திட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட பிறகே பழியைத் தீர்க்கிறான் என்பது கருதத்தக்கது.

இதோடு காட்சி முடிந்துவிடவில்லை. தானும் விஷமருந்திச் சாக முற்பட்ட நண்பன் ஹொரேஷியோவைத் தடுத்து, நடந்ததை உலகுக்கு எடுத்துரைக்க உயிரோடிருக்கும்படி ஹாம்லெட் வேண்டுகிறான். அவன் கண்மூடியதும், போலந்தின்மீது படையெடுத்துத் திரும்புகிற நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ் உள்ளே நுழைகிறான். இவனுடைய தந்தையை ஹாம்லெட்டின் தந்தை பல்லாண்டுகளுக்குமுன் தனிப்போரில் கொன்று நிலங்களைக் கைப்பற்றியிருந்தார். ஆக, இந்நாடகத்தில் தந்தையை இழந்த மைந்தர் மூவர்: ஹாம்லெட், லேயர்ட்டீஸ், ஃபோர்ட்டின்பிராஸ். பழிவாங்கிய இருவரும் பிணமாகக் கிடக்க, தன் தந்தையின் சகோதரன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழியைக் கைவிட்ட மூன்றாமவனே, ஒரு துளி இரத்தம் சிந்தாமல், தான் இழந்த நிலத்தோடு டென்மார்க் முழுவதையும் பெறுகிறான். நான்கு தளபதிகள் ஹாம்லெட்டின் உடலைச் சுமந்து செல்ல, பீரங்கி முழங்க, திரை விழுகிறது. பழி தீர்வது ஒன்று, ராஜ்யம் யார் கைக்குப் போகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லுவதனாலேயே இந்த முடிவு வெறும் சாவாக நின்றுவிடாமல் சோக நாடகத்தின் முடிவாகிறது என்பது என் கட்சி. திரைப்படங்கள் பெரும்பாலும் முதலாவதைக் கொண்டாடி, இரண்டாவதை வெட்டி எறிந்துவிட்டன.

இந்த முடிவு ஷேக்ஸ்பியரின் கற்பனை; கதை பழையது. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் டேனியர் வரலாறு எழுதிய சாக்ஸோ கிராமட்டிக்கஸின் நூலில் வரும் ஆம்லெத், அரசவையோரைக் குடிபோதையில் ஆழ்த்தி, தாய் பின்னிய திரைச்சீலையை அவர்கள்மேல் வீழ்த்திப் பிணித்து, மண்டபத்துக்குத் தீயிட்டு, சிற்றப்பனை வாளால் கொன்று, தானே அரசனாகிறான். அவன் சாவு வெகுகாலம் கழித்து வேறொரு யுத்தத்தில் நேர்கிறது. 1570-இல் பிரெஞ்சுக்காரர் பெல்ஃபோரே இக்கதையைத் தம் மொழியில் விரித்தெழுதினார். பழிவாங்குபவனும் உடன் மாள வேண்டுமென்ற மரபு லண்டன் மேடைக்கு வேறு வழியாக வந்தது. தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானிஷ் டிராஜடி’யில் மகனைக் கொன்றவர்களை நாடகத்துக்குள் நாடகம் நடத்திக் கொல்லும் தந்தை, தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிட்டுச் சாகிறான். சாக்ஸோவின் கதையையே மீண்டும் கையாண்டு ராபர்ட் எக்கர்ஸ் 2022-இல் எடுத்த ‘தி நார்த்மேன்’ படத்தில், மூலம் வாழவிட்ட ஆம்லெத்தை எரிமலையின் வாயிலில் எதிரியோடு சேர்த்துச் சாகவிட்டிருப்பது, ஷேக்ஸ்பியருக்குப் பிறகு பழைய கதையைப் பழையபடி சொல்லக்கூட எளிதில் மனம் வருவதில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

முடிவின் கொடுமையைத் தாங்கமாட்டாத சீர்திருத்தக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். 1769-இல் பாரிஸில் அரங்கேறிய டூசியின் தழுவலில் ஹாம்லெட் சாவதில்லை. இங்கிலாந்தின் பெருநடிகர் டேவிட் காரிக் 1772-இல் ஐந்தாம் அங்கத்தையே கண்டபடி திருத்தி, வெட்டியான்களை வெளியே அனுப்பிவிட்டார். 1868-இல் ஆம்புருவாஸ் தோமா இயற்றிய இசைநாடகத்தில் ஹாம்லெட் கிளாடியஸைக் கொன்றுவிட்டு அரசனாகிறான். ஆங்கிலேயர் இதைப் பொறுக்கமாட்டார்கள் என்பதால் லண்டனுக்கென்று அவன் சாகும் வேறொரு முடிவும் தயாரிக்கப்பட்டது. ஊருக்கொரு முடிவு என்பது சினிமாக்காரர் கண்டுபிடித்த தந்திரம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சினிமாவோ கடைசிக் காட்சியிலிருந்துதான் ஹாம்லெட்டை ஆரம்பித்தது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், க்ளெமான் மோரிஸ் எடுத்த சில நிமிஷத் துணுக்கில், ஹாம்லெட் வேடம் பூண்ட நடிகை சாரா பெர்ன்ஹார்ட் வாட்போர் செய்து மாய்ந்தார். பேச்சில்லாத கலைக்குப் பேச்சே உயிரான நாடகத்தில் எது அகப்படும்? வாளும் சாவுமே அகப்பட்டன. இருபத்தோராண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் ஸ்வெண்ட் காடேயும் ஹைன்ஸ் ஷாலும் எடுத்த படத்தில் டேனிய நடிகை ஆஸ்டா நீல்சன், அரச வமிசத்தின் பொருட்டு ஆணாக வளர்க்கப்பட்ட பெண்ணாகவே ஹாம்லெட்டை நடித்தார். எட்வர்ட் வைனிங் என்ற அமெரிக்கர் 1881-இல் எழுதிய ஒரு விசித்திர ஆராய்ச்சி இதற்கு ஆதாரம். இதில் கிளாடியஸ் சாக்ஸோவின் கதையிற்போலத் தீயில் மடிகிறான். விஷத்தைக் கலப்பவள் தாய். ஹாம்லெட் வீழ்ந்த பிறகுதான் ஹொரேஷியோ தன் நண்பன் பெண் என்பதை அறிகிறான். வேடிக்கையான மாற்றமென்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் சிம்மாசனத்துக்காக ஓர் உயிர் தன் இயல்பையே மறைத்து வாழ்ந்த துயரம் இறுதியில் வெளிப்படுவதால், ராஜ்யத்தின் கேள்வி இந்தப் படத்தில் அழியாமல் வேறு வடிவில் நிற்கிறது.

ஹாலிவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளில், நவீன காலத்தை நிலைக்களமாகக் கொண்ட கதைகளில் பழிவாங்குவதை நியாயப்படுத்தலாகாது என்று ஒரு விதி இருந்தது. பழிவாங்கும் கதாநாயகன் ஒன்று மாள வேண்டும், அல்லது அவன் கையில் இரத்தக்கறை படாமல் வில்லன் தானாக அழிய வேண்டும் என்ற வழக்கம் அதனால் வேரூன்றிற்று. விதி போய்ப் பல்லாண்டுகளுக்குப் பிறகும், 1994-இல் ஹாம்லெட்டின் சாயலில் வந்த ‘தி லயன் கிங்’ சித்திரப்படத்தில் சிற்றப்பனான சிங்கத்தைக் கழுதைப்புலிகள்தாம் கொல்கின்றன. இளவரசன் சுத்தமான பாதங்களோடு பாறைமேல் ஏறுகிறான்.

இனி, பெரும் புகழ்பெற்ற லாரன்ஸ் ஒலிவியரின் படத்துக்கு வருவோம். 1948-இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்ற முதல் வெளிநாட்டுப் படம் என்ற கீர்த்தியையும், ஒலிவியருக்கே சிறந்த நடிகர் பரிசையும் ஈட்டித் தந்த சித்திரம் அது. ஒரு முடிவுக்கு வர முடியாத ஒரு மனிதனின் சோகம் என்று தொடக்கத்திலேயே அசரீரியாக அறிவித்துவிட்டு, அந்தக் குறுகிய இலக்கணத்துக்குப் பொருந்தாதவற்றையெல்லாம் அவர் நீக்கிவிட்டார். ஃபோர்ட்டின்பிராஸ் போனான், ஹாம்லெட்டின் பழைய தோழர்களான ரோஸன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் போனார்கள். எஞ்சிய கடைசிக் காட்சியை அவர் அமைத்த நேர்த்தியை மறுப்பதற்கில்லை. கிண்ணத்தில் என்ன இருக்கிறதென்று ஐயுற்றும், மகனைக் காக்கும்பொருட்டுத் தாய் அதைத் தெரிந்தே பருகுகிறாள். மூலத்தில் இல்லாத இந்த நுட்பம், கெர்ட்ரூடைப் பேதையென்ற பழியிலிருந்து மீட்கிறது. உயரமான மேடையிலிருந்து கிளாடியஸின்மேல் ஹாம்லெட் பாய்கிற பாய்ச்சலோ, நாடகம் முழுவதும் அடைபட்டிருந்த செயல் திடீரென உடைத்துக்கொண்டு வெளிப்படுவதைப்போல் இருக்கிறது. பிறகு, சுமந்து செல்லப்படும் உடலோடு காமிராவும், வெற்று நாற்காலியையும் பிரார்த்தனை மண்டபத்தையும் தாயின் படுக்கையறையையும் கடந்து, படிப்படியாக மேலேறி, ஆரம்பத்தில் நமக்குக் காட்டிய கோபுர உச்சிக்கே போய்ச் சேருகிறது.

அழகான வட்டந்தான். ஆனால் அந்த வட்டத்துக்குள் டென்மார்க் இல்லை. அரசனும் அரசியும் இளவரசனும் மாண்ட நாட்டில் மறுநாள் காலை யார் ஆள்வார்கள் என்ற வினாவுக்கு இப்படத்தில் இடமே இல்லை. இறுதிச் சடங்குக்கான கட்டளையை ஹொரேஷியோ வாயிலாகச் சொல்லவைத்து, நார்வே இளவரசன் வந்து செய்யவேண்டிய காரியத்தை நண்பனின் துக்கமாகச் சுருக்கிவிட்டார்கள். ஒரு குடும்பம் அழிந்தது என்பது வரைக்கும் நாம் உணர்கிறோம். ஓர் அரசு அழிந்ததென்பது நம் நெஞ்சில் படுவதேயில்லை. டோனி ரிச்சர்ட்ஸனின் 1969-ஆம் ஆண்டுப் படமும், மெல் கிப்ஸன் நடிக்க ஸெஃபிரெல்லி இயக்கிய 1990-ஆம் ஆண்டுப் படமும் ஃபோர்ட்டின்பிராஸை அவ்வாறே விலக்கின. ஒலிவியரிடமிருந்த கவித்துவம் இவற்றில் இல்லாமையால், குறை இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

ஒலிவியருக்கு நேர்மாறான விடையை 1964-இல் லெனின்கிராடைச் சேர்ந்த கிரிகோரி கோஸின்ட்ஸெவ் தந்தார். பாஸ்டர்னாக்கின் மொழிபெயர்ப்பு, ஷாஸ்டகோவிச்சின் சங்கீதம், இன்னோகெந்தி ஸ்மோக்துனோவ்ஸ்கியின் நடிப்பு என்று மூன்று பெரும் சக்திகள் ஒருங்கே வாய்த்த படம் அது. ஸ்டாலினின் காலத்தைக் கடந்து வந்தவருக்கு, ஒற்றர்கள் நிறைந்த அரண்மனையும் சுவர்களுக்கும் செவி இருக்கும் ஆட்சியும் வெறும் கற்பனையல்ல. ஆதலால் அவர் கோட்டையையே சிறைச்சாலையாக அமைத்தார். துவக்கத்தில் ஹாம்லெட் குதிரையேறி உள்ளே புகுந்ததும், அவன் பின்னே பாலம் மேலெழுந்து வாயில் அடைபடுகிறது. முடிவில், விஷம் ஏறிய ஹாம்லெட் அந்த மண்டபத்தில் சாக மறுப்பவனைப்போல மெல்ல நடந்து கோட்டைக்கு வெளியே வந்து, கடலை நோக்கிய பாறைகளில் சாய்ந்து உயிர்விடுகிறான். ஃபோர்ட்டின்பிராஸ் படையோடு வருகிறான். தளபதிகள் உடலைத் தாங்கிக் கோட்டை வாயிலைக் கடந்து, கூடிநிற்கும் ஜனங்களின் நடுவே கொண்டுபோகிறார்கள்.

அந்தச் சாமானிய ஜனங்களை இங்கே கோஸின்ட்ஸெவ் புதிதாகப் புகுத்தவில்லை. படம் நெடுகிலும் சுவரோரமாக அவர்களை நிறுத்தியே வைத்திருந்தார். எனவே இறுதி ஊர்வலத்தில் அவர்கள் இருப்பது வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை. அரண்மனைக்குள் நடந்த பழிக்கும் வெளியே வாழ்பவர்களுக்கும் உள்ள சம்பந்தம் ஒரு வசனமுமின்றி விளங்கிவிடுகிறது. வரப்போகிற புதிய மன்னன் நல்லவனா என்று படம் நமக்கு உறுதி கூறுவதில்லை. இரும்புக் கவசமணிந்த படை ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கிறது, அவ்வளவே.

இதே ஐயத்தைப் பெருங்குரலில் சொன்னவர் கென்னத் பிரானா. 1996-இல் ஒரு வரியும் விடாமல் நான்கு மணி நேரத்துக்குப் படமெடுத்த அவர், வாட்போர் நடக்கிற அதே வேளையில் ஃபோர்ட்டின்பிராஸின் படை பனிவெளியில் ஓடிவந்து கோட்டையைத் தாக்குவதாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார். இறுதியில் மூத்த ஹாம்லெட்டின் சிலை உடைத்துத் தள்ளப்படுகிறது. கருத்து சரியானது. ஆனால் மண்டபத்தின் இக்கோடியிலிருந்து எறிந்த வாள் அக்கோடியிலிருக்கும் கிளாடியஸைத் துளைக்க, அதன்மேல் சரவிளக்கொன்றும் ஊசலாடிவந்து அவனைத் தாக்குவதைப் பார்க்கையில், சோகம் சர்க்கஸுக்கு வெகு சமீபத்தில் வந்துவிடுகிறது. மாறாக, நியூயார்க்கின் வியாபாரக் கம்பெனி ஒன்றையே டென்மார்க்காக்கிய மைக்கேல் ஆல்மெரைடாவின் படம் (2000), தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் ஒருவர் கடைசி வரிகளைப் படிப்பதோடு முடிகிறது. சாவுகள் அன்றைய செய்தியாகிவிடுவதில் ஒரு கசப்பு இருக்கிறது, ஆழம் போதவில்லை.

நம் நாட்டின் நிலையை நோக்குங்கால், மேடையில் மரணத்தைக் காட்டலாகாது என்ற நாட்டிய சாஸ்திர மரபும், மங்களத்தோடு முடிக்கும் வழக்கமும் சோக முடிவுக்கு எதிராக நின்றன என்று சொல்வதுண்டு. பாஸனின் ‘ஊருபங்க’த்தில் தொடை முறிந்த துரியோதனன் மேடையிலேயே உயிர்விடுவதால், அந்த விதியும் மீறப்படாததன்று. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி, சுகுண விலாச சபையின் வாயிலாகச் சென்னை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் (1973) சிவாஜி கணேசன் ஹாம்லெட்டாகத் தோன்றும் நாடகக் காட்சியை நினைவுள்ளோர் பலர் இருப்பர். ஆயின் முழுநீளப் படமாக்கும் முயற்சி முந்திக்கொண்டது பம்பாயில்: சோராப் மோடியின் ‘கூன் கா கூன்’ 1935-இலும், கிஷோர் சாஹுவின் ‘ஹாம்லெட்’ 1954-இலும் வெளிவந்தன.

நாடகத்தின் ஒரு வரியையும் எடுத்துக்கொள்ளாமல் அதன் முடிவை எவரினும் ஆழமாக உணர்ந்தவர் அகிரா குரோசாவா என்பேன். 1960-இல் அவர் எடுத்த, தீயோரே நன்றாக உறங்குகிறார்கள் என்ற பொருளமைந்த தலைப்புடைய படத்தில், அரசவையின் இடத்தில் ஓர் அரசாங்க நிலவளர்ச்சிக் கழகம் இருக்கிறது. ஊழலை மறைக்க ஜன்னலிலிருந்து குதித்துச் சாகும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட அதிகாரியின் மகன் நிஷி, வேறொருவனுடைய பெயரைப் பூண்டு, கழகத்தின் உபதலைவர் இவாபுச்சியின் காரியதரிசியாகி, அவருடைய மகளையும் மணக்கிறான். பழிவாங்கப் புகுந்தவன் மனைவியை மெய்யாகவே நேசித்துவிடுவதும், தந்தையின் பொய்யை நம்பி அவளே கணவனின் மறைவிடத்தைச் சொல்லிவிடுவதும் ஹாம்லெட்டின் காதலி ஒபீலியாவின் கதைக்கு அவர் தந்த புதிய கொடுமைகள்.

பிறகு வருகிறது முடிவு. நாயகனின் சாவை நாம் பார்ப்பதேயில்லை. நரம்பில் சாராயம் ஏற்றப்பட்டு, காரில் கிடத்தப்பட்டு, ரயில் மோதிச் செத்தான் என்று அவனுடைய நண்பன் வந்து கதறும்போது கேள்விப்படுகிறோம். இந்த நண்பன்தான் இங்கே ஹொரேஷியோ; ஆனால் நிஷி என்ற பெயர் உண்மையில் அவனுடையது. இருவரும் பெயரை மாற்றிக்கொண்டபடியால், செத்தவன் யாரென்று நிரூபிக்கவும், இருப்பவன் யாரென்று நிரூபிக்கவும் வழியில்லை. ஷேக்ஸ்பியரின் ஹொரேஷியோ கதையைச் சொல்ல உயிர்பிழைத்தான். குரோசாவாவின் ஹொரேஷியோ உயிர்பிழைத்தும் சொல்லுகிற யோக்கியதையை இழந்துவிட்டான். கிளாடியஸோ சாகவில்லை. பிள்ளைகள் தன்னை வெறுத்து வெளியேறிய பின்னும், முகந்தெரியாத மேலதிகாரி ஒருவருக்குத் தொலைபேசியில் குனிந்து குனிந்து வணக்கம் சொல்லுகிறார் இவாபுச்சி. விடிந்துவிட்டதென்பதும் அவருக்கு நினைவில்லை. அந்த மேலதிகாரிதான் இப்படத்தின் ஃபோர்ட்டின்பிராஸ். அவன் வரவே வேண்டியதில்லை, முன்னமே ஆண்டுகொண்டிருக்கிறான்.

சீனத்தில் ஃபெங் ஸியாவோகாங் எடுத்த ‘தி பாங்க்வெட்’ (2006), அரசியையே சிம்மாசனத்தில் அமர்த்தி, எவனோ எறிந்த ஆயுதத்தால் அவளையும் மடிவித்து, கேள்வியைத் திறந்தே விட்டுவிடுகிறது. அழகு மிகுந்த படம். நெஞ்சில் நிற்பது குறைவு.

விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) அவ்வாறன்று. 1995-ஆம் ஆண்டுக் காஷ்மீரத்தில் காணாமற்போன மருத்துவரின் மகன் ஹைதர். அவன் தாய் கஸாலா. ஒலிவியர் காலத்தில் தெரிந்தே விஷமருந்திய தாய், இங்கே கையெறிகுண்டுகளை உடம்பில் கட்டிக்கொண்டு வந்து, மகனைக் கொல்லச் சூழ்ந்தவர்களோடு தன்னையும் அழித்துக்கொள்கிறாள். கஸாலாவாகத் தோன்றும் தபுவின் நடிப்பு அந்தக் காட்சியைத் தாங்குகிறது. இரு கால்களையும் இழந்து பனியில் தவழும் சிற்றப்பன் குர்ரம், கொன்றுவிடும்படி இறைஞ்சுகிறான். பழி பழியையே ஈனுமென்ற தாயின் சொல் காதில் ஒலிக்க, ஹைதர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நடந்துவிடுகிறான். நானூறாண்டுகளாகச் சாகிற ஹாம்லெட்டை வாழவிட்டும் சோகத்தைக் குறைக்காத துணிவு இது. டூசியின் ஹாம்லெட் பிழைத்தது ரசிகர்களுக்கு ஆறுதலாக. ஹைதர் பிழைத்தது யாருக்கும் ஆறுதலாக இல்லை. எனினும் படம் முழுதும் பேசிய பொதுத் துயரத்தைக் கடைசியில் ஒரு குடும்பத்தின் மனமாற்றத்துக்குள் அடக்கிவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பள்ளத்தாக்கின் கதி என்னவாயிற்று என்ற கேள்விக்கு, தாயின் சொல் போதுமான விடையாகாது.

இத்தனையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, மூலத்தின் சாவுகளை ஒன்றுவிடாமல் காட்டிய படங்கள் எல்லாம் மூலத்துக்கு உண்மையாக இருந்தன என்றும், சாவுகளை மாற்றியவை பிழைசெய்தன என்றும் சொல்லுவதற்கில்லை. பழியோடு ராஜ்யத்தின் கேள்வியையும் கைவிடாதிருந்தார்களா என்பதையே அளவுகோலாகக் கொண்டு, நாடகத்தை அதன் சொல்லோடு படமாக்கியவர்களில் கோஸின்ட்ஸெவுக்கும், கதையை மட்டும் கைக்கொண்டவர்களில் குரோசாவாவுக்குமே முதலிடம் தருவேன். ஒலிவியரை அவர்களுக்குப் பிறகுதான் வைப்பேன். இதனை ஒப்பாதவர்கள் மூன்று படங்களின் கடைசிக் கால்மணி நேரத்தை மட்டுமாவது அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாதுக்கு வருவார்களாக.